எத்தனை பிள்ளைகள்?

இன்று சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் போனைத் திறந்தாள். "சார், காலேஜ்ல ஒரு வருஷ ட்ரெய்னிங். சர்வே எடுக்கிறேன். உங்க பேரு, எத்தன புள்ளைங்க?"

அதே கேள்வி. பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டேன்.

எமர்ஜென்சி சமயம், நானும் மாணவன். சோப்புக் கம்பெனியில் ஒரு வருடப் பயிற்சி. சரக்கையும் விற்க வேண்டும், வேலைக்கு ஆளும் சேர்க்க வேண்டும். புதுப்பட்டினம் குப்பத்தில், ஆள் சேர்க்கும் ஃபாரத்தில் இருந்ததை அப்படியே கேட்டேன்:

"கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பிள்ளைங்க?"

ஆறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

"இன்னாடா, குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்ரேசனுக்கு ஆள் புடிக்க வந்துகீறியா?"

வேலைக்குத்தான் என்று ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மீன்கூடையோடு வந்த ஓர் அம்மா ஃபாரத்தைப் பிடுங்கி என்னிடமே நீட்டினார். "மொதல்ல உன் பேர எழுது நைனா. நீ போய்ட்டு முழுசா வா. அப்பால இவங்க வருவாங்க."

எழுதினேன். அந்த ஊரில் நான் சேர்த்த ஒரே ஆள் நான்தான்.

இன்று நானும், "முதல்ல உன் பேரை எழுதும்மா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. அவள் மிரண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. அன்று என் சட்டையைப் பிடித்தவரும் என்னைப் போலப் பயந்துபோய்த்தான் பிடித்திருக்கிறார்.

அந்தப் பெண் இதைப் படித்தால்: எனக்கு ரெண்டு பிள்ளைகள்.