துடுப்பம்மா பெயர் வைத்த மீன்

என் மனைவி ஓய்வு பெறுகிறாளாம். அவள் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் சிறப்பு மலர் போடுகிறார்களாம். அவளைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். நல்லவிதமாக எழுத வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியனுப்பினேன். அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அவள் இத்தனை வருஷம் வேளாவேளைக்குத் தீனி போட்டு வளர்த்தது கோபத்தைத்தான். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரைப் பற்றியோ எழுதியதாகிவிடும்.

அவள் வேலை செய்தது மாடியில் இருக்கும் மீன் அறையில். சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள், அவற்றுள் சாராயத்தில் ஊறும் மீன்கள். அந்த வாடை அவள் புடவையோடு வீட்டுக்கு வந்து என் தலையணை வரை ஏறிவிடும். எந்த மீனைக் கையில் கொடுத்தாலும் முதலில் துடுப்பைத்தான் விரித்துப் பார்ப்பாள். அதனால் கீழே இருக்கும் காவலாளி முதல் மேலே இருக்கும் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவள் துடுப்பம்மா. எதிர் மேசைக்காரருக்கு அளவுகோல் என்று பெயர். வாழைப்பழத்தைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் உரிப்பார் என்று பியூன் சொல்வான். அந்த அளவுகோல் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன். "எங்க அறைக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குடா, கெட்டிக்காரி" என்று எனக்கு அவளைப் பெண் பார்த்துக் கொடுத்ததே அவர்தான். அதற்காக இருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டது. மீனுக்குப் பெயர் வைப்பது குழந்தைக்குப் பெயர் வைப்பது போல லேசான காரியமில்லை. துடுப்பில் முள் எத்தனை, மெல்லிய கதிர் எத்தனை என்று எண்ண வேண்டும். மடக்கிப் படுக்க வைத்தால் அது எதுவரை எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அதன் நீளத்தை அதே மீனின் தலையை வைத்து, இத்தனை தலை நீளம் என்று சொல்ல வேண்டும். பழைய காலத்து ஆட்கள் இதையெல்லாம் எப்படிச் செய்தார்கள் என்று அவள் திட்டாத நாளில்லை. ஒருவர் காய்ந்த தோலைப் பார்த்துவிட்டு 'மிக நீண்ட துடுப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாராம். எதைவிட நீளம் என்று சொல்லவில்லை. இன்னொருவர் கப்பலில் வந்த மீனை வர்ணித்தார். வரும் வழியில் துடுப்பு ஒடிந்துவிட்டது அவருக்குத் தெரியாது. அதனால் வாலைத் தொடும் துடுப்புள்ள மீனைக் குட்டைத் துடுப்பு என்று எழுதிவைத்தார். மூன்றாமவர் மீனையே பார்க்கவில்லை. யாரோ வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, இது துடுப்பைப் பாய்போல விரித்துத் தண்ணீர் மேல் ஓடும் என்று அளந்துவிட்டார்.

"ஓடுமாம்! இவரு கரையில நின்னு கொடி அசைச்சாராக்கும்" என்பாள், செத்து நூற்றாண்டுகள் ஆன மனிதரைப் பார்த்து.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மலையோடையிலிருந்து ஒரு ஜாடி மீன் வந்து சேர்ந்தது. விரல் நீளம்தான் இருக்கும். அதுவரை யாரும் பெயர் வைக்காத மீன். இது எனக்கு என்றாள் என் மனைவி. நான்தான் மூத்தவன், எனக்கு என்றார் அண்ணன். குழாயடிச் சண்டை தோற்றது. இயக்குநர் தலைவலி தாங்காமல் ஒரு காரியம் செய்தார். ஜாடியைத் தட்டில் கொட்டச் சொன்னார். முதுகுத் துடுப்பின் கதிர் நூல்போல நீண்டு வாலைத் தாண்டிப் போகிற மீன்களை அவளுக்குக் கொடுத்தார். துடுப்பு கட்டையாக இருந்தவற்றை அண்ணனுக்குக் கொடுத்தார். சண்டை தீர்க்கப் பிரித்த பிரிவு, ஒரு மாதத்துக்குள் இயற்கையே பிரித்தது போலாகிவிட்டது. ஒரே ஓடையில் இரண்டு இனம் என்று இருவருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் தன் மீனுக்கு நீளத்துடுப்பு என்று பொருள்படும் பெயரை வைத்தாள். எதிர் மேசையில் அது தெரிந்ததும், அண்ணன் வேண்டுமென்றே தன் மீனுக்குக் குட்டைத்துடுப்பு என்று வைத்தார். வர்ணனையில் 'துடுப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வீண் ஆடம்பரமற்ற மீன்' என்று ஒரு வரியும் சேர்த்தார். அது யாரைக் குத்திய வரி என்று எல்லோருக்கும் தெரியும். இயக்குநர் யாருக்கும் முந்தினவர் என்ற பட்டம் கிடைக்கக் கூடாதென்று இரண்டு கட்டுரைகளையும் ஒரே இதழில் போட்டுவிட்டார்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. எதிரெதிர் மேசை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பியூனைக் கூப்பிட்டு அவன் மூலம் கேட்பார்கள். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களுக்கு ஒருவர் வந்து போன பிறகுதான் மற்றவர் வருவார். நான் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வாய் காபி குடித்தால், மூன்று நாள் எனக்கு உப்பில்லாத சாப்பாடு.

இந்த மூளைக்காரர்கள் இரண்டு பேரும் செய்த தப்பு என்னவென்று கேளுங்கள். அண்ணன் தன் மீன்களில் சிலவற்றை அறுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் முட்டை. 'முட்டைப் பருவத்தில் பிடிபட்டவை' என்று பெருமையாக எழுதிக்கொண்டார். என் மனைவி தன் மீன் ஒன்றைக்கூட அறுக்கவில்லை. துடுப்பில் மயங்கிப் போயிருந்தாள், கத்தி வைக்க மனசு வரவில்லை. 'உங்க மீன்ல முட்டை இருக்கா?' என்று ஒரே ஒரு கேள்வியை அந்த ஒரு முழத்தைத் தாண்டி யாராவது கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கேட்கவில்லை. பேசினால் மானம் போய்விடுமே!

இப்படியே தலை நரைத்தது. அந்தச் சண்டைக்குப் பிறகு இருவருமே புதிதாக ஒரு மீனுக்கும் பெயர் வைக்கவில்லை. எண்ணுவதும் அளப்பதும் பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதுமாகக் காலம் போனது. அண்ணன் ஓய்வு பெற்ற பிறகும் தினமும் அதே மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஆளுக்கு ஒரே ஒரு மீன், அதுதான் அவர்கள் சம்பாதித்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. "எனக்கு ஒண்ணு இருக்கு, ஓடையில இருக்கு" என்று அவள் விளையாட்டாகச் சொல்வாள். அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வருஷம் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, அதே ஓடையிலிருந்து உயிரோடு மீன் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு நாள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"அம்மா, உங்க மீனு சாரோட மீனைச் சுத்திச் சுத்தி வருதும்மா. துடுப்பை விரிச்சுக்கிட்டு ஆட்டமான ஆட்டம்! கல்லு மேல முட்டைகூட வெச்சாச்சு."

இருவரும் கீழே இறங்கினார்கள். ஒரே படிக்கட்டில் இருவரும் சேர்ந்து இறங்கியதை அன்றுதான் பார்த்தேன் என்று காவலாளி சொன்னார். நீளத்துடுப்பு ஆண், குட்டைத்துடுப்பு பெண். இரண்டு இனமுமில்லை, ஒன்றுமில்லை, புருஷனும் பெண்டாட்டியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் தொட்டியையே பார்த்தபடி நின்றார்களாம்.

ஒரு மீனுக்கு ஒரு பெயர்தான் இருக்க முடியும். முந்தி வைத்த பெயர் நிற்கும், பிந்தியது செத்துப்போகும். ஆனால் இவை இரண்டும் ஒரே நாளில் வெளிவந்த பெயர்கள். அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று அச்சில் முதலில் எழுதி, அவற்றில் ஒரு பெயரை யார் தேர்ந்தெடுக்கிறாரோ அவர் சொன்னதுதான் சட்டம். பிறகு யாராலும் மாற்ற முடியாது. பெயர் மீனுக்குப் பொருந்தவில்லை என்றுகூட மாற்ற முடியாது. எழுத வேண்டும் என்றால் 'நான் ஏமாந்தேன்' என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் இருவரும் பேனாவைத் தொடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு வந்தார்.

"டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நானே எழுதப் போறேன். எழுதினா என் பேருதான் நிக்கும். முன்கூட்டியே சொல்லிட்டேன், அப்புறம் அழக் கூடாது."

"அவளுக்கும் அது ஒண்ணுதான் இருக்குண்ணே."

"என் மீனு வயித்துல முட்டை இருந்துச்சுடா. அவ மீனுல என்ன இருந்துச்சு? பகட்டு! வெறும் பகட்டு!"

எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "இன்னைக்கே எழுதுடி. உன் பேரைக் காப்பாத்து. எந்த மானமும் போகாது, நான் இருக்கேன்" என்றேன். அண்ணன் சொன்ன அந்தப் பகட்டையும் சேர்த்தே சொன்னேன். அவள் உட்கார்ந்து எழுதினாள். அண்ணன் தன் வழக்கப்படி ஒவ்வொரு மீனையும் மறுபடி அளந்துகொண்டிருந்த நேரத்தில், அவளுடைய கட்டுரை அச்சாகிவிட்டது.

இதழ் வந்ததும் நான்தான் முதலில் பிரித்துப் படித்தேன். இரண்டும் ஒரே இனம், என் கணிப்பு தவறு என்று எழுதியிருந்தாள். அது போகட்டும். நிற்க வேண்டிய பெயர் என்று அவள் தேர்ந்தெடுத்திருந்தது அண்ணன் வைத்த பெயரை.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. அண்ணன்! பை நிறைய ஆரஞ்சுப் பழம். அவள் இருக்கும்போது என் வீட்டுக்குள் அவர் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"மூத்தவன்னு ஒரு மரியாதை வெச்சியேம்மா. உன்னைத் தப்பா நினைச்சுட்டேன். என் பேரைக் காப்பாத்திட்டே" என்றார்.

"உக்காருங்க மாமா" என்றாள் அவள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அந்த ஓடை மீன் வகையிலேயே இதைவிட நீளமான துடுப்பு வேற எதுக்கும் கிடையாது. எல்லா புத்தகத்துலயும் படம் போடுவாங்க. அதுக்குக் கீழ குட்டைத்துடுப்புன்னு பேரு போடுவாங்க. எந்த முட்டாள் இதுக்கு இந்தப் பேரை வெச்சான்னு பாக்கறவங்க எல்லாம் கேப்பாங்க. யாருன்னு தேட வேண்டிய அவசியமே இல்ல. பேருக்குப் பக்கத்துலயே உங்க பேரும் வருஷமும் இருக்கும். உலகம் உள்ள வரைக்கும் இருக்கும் மாமா."

அண்ணன் கையில் டம்ளர் அப்படியே நின்றது. மலர்ந்த முகம் மெல்லச் சுருங்குவதை நான் பார்த்தேன். பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"மாத்திடும்மா" என்றார். "உன் பேரே இருக்கட்டும். நீளத்துடுப்புன்னே இருக்கட்டும். அதான் சரி, அதான் பொருத்தம். நான் வேணும்னா ஒத்துக்கிட்டு எழுதித் தரேன்."

"முடியாது மாமா. விதி உங்களுக்குத் தெரியாததா?"

"என்னைப் பாத்துச் சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்."

அவர் எழுந்தார். செருப்பை மாட்டினார். பழப்பையை எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜெயித்தவள் சிரிப்பாள் என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கதவில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் மீன் போச்சுங்க" என்றாள். "எனக்குன்னு இருந்ததே அது ஒண்ணுதான். என் கையாலேயே கொன்னுட்டேன்."

பிறகு வாய்விட்டு அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். கையைத் தட்டிவிட்டாள்.

"பகட்டுன்னு அவர் சொன்னதை எங்கிட்ட வந்து ஏங்க சொன்னீங்க?" என்றாள்.