கிரேக்கக் கடையின் உள்ளடுப்பு

இந்நிகழ்ச்சியை நான் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். கொலோன் நகரிலும் பின்னர் தாயகத்திலும், நண்பர் கூடிய இடங்களிலெல்லாம், மரக்கறி உண்பவனுக்கு இறைச்சியைக் கட்டிக் கொடுத்த கிரேக்கக் கடை என்று அதனைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் கடைக்காரரின் விடையை மட்டும் விட்டுவிட்டேன். விட்டதைச் சேர்த்தால் குற்றம் இடம் மாறும். அம்மனிதரின் பெயரும் எனக்குத் தெரியாது. அவரிடம் சென்று சொல்லவும் வழியில்லை. ஆதலின் எழுதி வைப்பதே முறை.

எழுபதுகளின் தொடக்கத்தில் உலோகவியல் ஆய்வுக்காகக் கொலோனில் இருந்தேன். தங்கியிருந்த அறையில் சமைக்கக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரான அம்மையாரின் கட்டளை. வெந்நீர் வைப்பதற்கே அவர் முகம் சுளிப்பார். ஆய்வகத்தில் என் மேசைக்கு இருபுறமும் இருந்தவர்கள் காலையில் வணக்கம் சொல்வார்கள்; மாலையில் விடைபெறுவார்கள். இடையில் கருவிகளின் எண்களைப் பற்றியே பேசுவார்கள். கிழமை முடிந்து இரண்டு நாள் விடுப்பு வந்தால், திங்கட்கிழமை காலையில் என் குரலே எனக்குப் புதிதாக ஒலிக்கும்.

அறைக்கு அருகில், தண்டவாளப் பாலத்தின் அடியில், கிரேக்கர் ஒருவர் சிறிய கடை வைத்திருந்தார். உள்ளே அமர இடமில்லை. சன்னலில் நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். முன்பக்கம் அனலில் இறைச்சி சுழலும்; பின்னால் ஒரு திரை; திரைக்கு அப்பால் அவர் மனைவி வேலை செய்யும் அடுப்பு. பனி இன்னும் முற்றாக விலகாத நாளொன்றில் அச்சன்னலில் நின்று, இறைச்சியும் மீனும் முட்டையும் இல்லாத உணவு ஏதேனும் கிடைக்குமா என்று, அறையிலேயே ஒத்திகை பார்த்துவந்த ஜெர்மன் மொழியில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திரையை நோக்கி ஏதோ சொன்னார். அந்த அம்மையார் வெளியே வந்து, என் கையிலிருந்த மூடிபோட்ட எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதில் தக்காளியோடு வெந்த பெரிய வெள்ளை அவரை இருந்தது. மூடிக்கு மேல், தாளில் மடித்து, ஓர் எலுமிச்சைத் துண்டு.

அறைக்கு வந்து உண்டேன். உப்பும் புளிப்பும் சரியாக இருந்தன. ஊரை விட்டு வந்தபின் வயிறு நிறைந்த முதல் நாள் அதுவே.

அன்று முதல் ஏழு வாரம் நாள்தோறும் சென்றேன். ஒரு நாள் அவரை, ஒரு நாள் கீரை சேர்ந்த சோறு, ஒரு நாள் சோறு பொதிந்த திராட்சை இலைச் சுருள். சில நாட்களில் உணவில் எண்ணெய் ஒரு துளியும் இராது. அம்மையாரின் மறதி என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டேன். இவற்றில் எதுவும் விலைப்பலகையில் இல்லை. பிறர் எவருக்கும் உள்ளடுப்பிலிருந்து உணவு வரவில்லை. எனக்காகவே ஒருவர் சமைக்கிறார் என்ற முடிவுக்கு நான் வந்ததில் வியப்பில்லை.

அக்கடையில் எனக்குக் கிடைத்த வரவேற்பு அம்முடிவுக்குத் துணை செய்திருக்கக் கூடாது. கடைக்காரர் ஒரு நாளும் முகமலர்ந்து பேசியதில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு முன்னதாகக் கொடுத்துவிட்டு, சன்னலில் கூட்டம் தீர்ந்த பிறகே என் பாத்திரத்துக்குக் கை நீட்டுவார். வேறொருவராக இருந்தால் இழிவு என்று எண்ணிக் கடையை மாற்றியிருப்பார். எனக்கோ நம் வீட்டுத் திருமணப் பந்தி நினைவுக்கு வந்தது. விருந்தினர் உண்டு எழுந்த பிறகுதானே வீட்டார் இலையில் அமர்வார்கள்? என்னைக் கடைசியில் நிறுத்துவது என்னை வீட்டாரில் ஒருவனாக வைத்திருப்பதன் அடையாளம் என்று கொண்டேன். அந்த எண்ணத்தோடு பாலத்தின் அடியில் கால் மரத்து நிற்பது கூட இனிமையாக இருந்தது.

இக்காலத்தில்தான் ஹம்பேர்க் நகரில் இருந்த நண்பர் ஒருவரின் கடிதம் வந்தது. அவர் யாழ்ப்பாணத்தவர், கப்பல் பொறியியல் பயில வந்தவர். முந்திய குளிர்காலத்தில் தொடர்வண்டியில் அவர் கையில் தமிழ் ஏடு ஒன்றைக் கண்டு நானாகவே பேசத் தொடங்கினேன். அந்நாட்டில் நான் தமிழில் பேச அவர் ஒருவரே இருந்தார். ஒரு சனிக்கிழமை வந்து இரண்டு நாள் தங்குவதாக எழுதியிருந்தார். தாயார் இறந்ததால் ஓராண்டு மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், தொடுவதில்லை என்று நோன்பு பூண்டிருப்பதாகவும், பத்து மாதம் கழிந்துவிட்டதாகவும், தம் உணவால் எனக்குக் கரைச்சல் வேண்டாம் என்றும், பாண், அதாவது ரொட்டி, கொண்டுவருவதாகவும் குறித்திருந்தார். பாண் வேண்டாம், இங்கே எனக்கென்றே தனியாகச் சமைக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று மறுமொழி எழுதினேன். கடை என்று எழுதவில்லை. வீடு என்றே எழுதினேன். அவர் வந்துபோன பின் மாதம் ஒருமுறை ஒருவரை ஒருவர் காணலாம் என்று நாட்காட்டியில் சனிக்கிழமைகளுக்கு மெல்லிய கோடிட்டும் வைத்தேன்.

ஜெர்மானியரின் உயிர்ப்புப் பெருநாளான ஈஸ்டர் சில வாரங்களுக்கு முன்பே முடிந்திருந்தது. நண்பர் வரவேண்டிய கிழமையின் தொடக்கத்தில் கிரேக்கர் கடை இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது. காரணம் எழுதி ஒட்டவில்லை. மற்ற நாட்களில் ஆய்வகத்து உலையில் சோதனை நடந்ததால் அங்கேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று காலம் கழித்தேன். வெள்ளிக்கிழமை மாலை விரைந்து சென்று, நாளை இருவருக்கு வேண்டும், எப்போதும் தருவதே வேண்டும் என்று சொன்னேன். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த கடைக்காரர் தலை நிமிராமலே ஆகட்டும் என்றார்.

மறுநாள் நண்பகலில் நண்பரை நிலையத்திலிருந்து நேரே கடைக்கு அழைத்துச் சென்றேன். வழக்கம்போல் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். நண்பர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, பின்னால வந்த ஆக்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போகினம். எங்களை இந்த மனுசன் காணேல்லையோ?”

“நம்மளச் சொந்தமா நினைக்கிறாங்க. அதான் கடைசி.”

“அப்பிடியெண்டால் நல்ல சொந்தம்தான்” என்று சொல்லி அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

எங்கள் முறை வந்தது. நான் நீட்டிய பாத்திரத்தைக் கடைக்காரர் வாங்கவில்லை. வெள்ளித்தாளில் சுற்றிய பொதி ஒன்றைப் பலகைமேல் தள்ளினார். அம்மையார் திரைக்கு வெளியே வரவில்லை. எலுமிச்சையும் இல்லை. கூட்டம் மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறையில் மேசைமேல் செய்தித்தாள் விரித்துப் பொதியைப் பிரித்தேன். திராட்சை இலைச் சுருள்கள், ஆவி பறந்தது. விருந்தினர் முதலில் என்று நண்பருக்கு எடுத்து வைத்தேன். அவர் ஒன்றைக் கடித்தார். மெல்வதை நிறுத்தினார். கைக்குட்டையை எடுத்து வாயில் இருந்ததை அதற்குள் துப்பி மடித்தார்.

“இதுக்குள்ள இறைச்சி கிடக்கு அண்ணை.”

குரலில் சினம் இல்லை. எழுந்து நீர்த்தொட்டியில் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். நான் பொதியைத் திரட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

சன்னலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு பேசினேன். ஏழு வாரம் எனக்கு உணவு தந்தவர் இப்படிச் செய்யலாமா என்று உரத்துக் கேட்டேன். கடைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், எனக்கு இருந்ததைவிடக் குறைவான தம் ஜெர்மனில், பொறுமையின்றிச் சொன்னார்: “நோன்பு முடிந்தது. எங்கள் பெருநாளும் போன ஞாயிறு முடிந்தது. இப்போது வீட்டுச் சட்டியிலும் இறைச்சிதான். எல்லாரும் உண்கிறார்கள், நீங்களும் உண்ணுங்கள்.” பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்து அடுத்தவரை அழைத்தார். திரை விலகியது, அம்மையார் என்னை ஒரு கணம் நோக்கினார், திரை மூடியது. வருந்துகிறோம் என்ற சொல்லோ, மாற்றாக ஒரு துண்டு ரொட்டியோ அச்சன்னலிலிருந்து வரவில்லை.

பாலத்தின் அடியில் நின்று எல்லாவற்றையும் மீண்டும் எண்ணிப் பார்த்தேன். எனக்காக ஒருவரும் சமைக்கவில்லை. ஜெர்மானியருக்குப் பிந்தி வந்த தங்கள் உயிர்ப்புப் பெருநாளுக்கு முந்திய சமய நோன்புக்காகத் தங்களுக்குச் சமைத்ததில், கேட்டு நின்ற ஒருவனுக்கு ஒரு கரண்டி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். எண்ணெயற்ற நாட்களும் மறதியால் வந்தவை அல்ல. கடும் நோன்பு நாட்கள்.

திரும்பி வந்தபோது நண்பர் தம் பையிலிருந்து பாண் எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். என் கடிதத்தை அவர் முழுமையாக நம்பவில்லை போலும். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுப் பாணை இரண்டாகப் பிய்த்தார்.

“அவையள் தங்கட விரதத்தை முடிச்சிட்டினம். அவ்வளவுதான். நீங்கள்தான் அவையளைச் சொந்தம் எண்டு நினைச்சிருக்கிறியள். இந்தாங்கோ, சாப்பிடுங்கோ.”

உண்டோம். விட்ட இடத்திலிருந்து நோன்பைத் தொடரலாமா, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டார். நான் அறியேன் என்றேன். ஞாயிறு மாலை போகவேண்டியவர், படிப்பு வேலை இருக்கிறது என்று அன்று மாலையே வண்டி ஏறினார். என் இரண்டு கடிதங்களுக்குச் சுருக்கமான விடை வந்தது. மூன்றாவதை நான் எழுதவில்லை, வெட்கம் தடுத்தது. நாட்காட்டியில் இட்ட கோடுகளை அழிப்பானால் தேய்த்தபோது தாளும் சற்றுத் தேய்ந்தது. பாலத்தின் அடியில் போவதையும் விட்டேன். டிராம் நிலையத்துக்குச் சுற்றுவழியில் நடந்தேன்.

இக்குறிப்பில் நோன்பு நாட்களைப் பற்றியோ, அவ்வுணவுகளைப் பற்றியோ நான் எழுதியவற்றில் பிழை இருப்பின், அறிந்தவர்கள் திருத்தி உதவ வேண்டுகிறேன். ஹம்பேர்க் நண்பர் இதனைப் படிக்க நேர்ந்தால், அவர் சொற்களை நான் மாற்றியிருந்தால் அவரே திருத்தட்டும். அப்படியாவது அவர் கையெழுத்தை மறுபடி காண்பேன். இன்னும் ஒன்றில் எனக்குத் தெளிவில்லை. மூடியின்மேல் மடித்து வைத்த அந்த எலுமிச்சைத் துண்டு, அக்கடையில் வாங்கிய எல்லோருக்கும் கொடுக்கப்பட்டதா? நான் ஒருபோதும் பிறர் பொதிகளைக் கவனிக்கவில்லை. அக்காலத்தில் அச்சன்னலில் நின்றவர் எவரேனும் இருந்தால், விடை எதுவாயினும், தெரிவிக்க வேண்டுகிறேன்.