பேத்தி முகம் பார்க்காமல் திரும்பும் தேதி குறித்தேன்

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை தோறும் அம்மன் முன்னால் கூடும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம். நியூசிலாந்தில் இருக்கும் என் மகள் கோமதிக்கு எட்டாம் மாதம். திடீரென்று ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாதாம் அத்தே" என்று மருமகன் போனில் அழுதார். எங்கள் ஊர் லகாட்டிலிருந்து என் மகன் சரவணன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு விரட்டினான்.

டிக்கெட் போவதற்கு மட்டும்தான். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். கோமதியின் முதல் பிரசவத்துக்குப் போனபோது, திரும்பி வரும் தேதியையும் குறித்துக்கொண்டுதான் போனேன். அந்தப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. குறித்த தேதியில் வெறுங்கையோடு வந்து சேர்ந்தேன். வந்ததும் மாரியம்மன் சந்நிதியில் மஞ்சள் துணி முடிந்து நேர்ந்துகொண்டேன். இனிமேல் பேரப்பிள்ளை முகம் பார்க்காமல் திரும்பும் தேதியை வாயால்கூடச் சொல்வதில்லை என்று.

கவுண்டரில் துடோங் என்ற தலை முக்காடு அணிந்த ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். "ஆண்டி, திக்கெட் பாலிக் மானா?" என்றாள். திரும்பி வரும் டிக்கெட் எங்கே என்கிறாள். இல்லை என்றேன். அந்த நாட்டை விட்டு வெளியேற டிக்கெட் காட்டாதவர்களை விமானத்தில் ஏற்றவே முடியாதாம். சட்டமாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "என் மக உசுருக்குப் போராடிக்கிட்டு இருக்கா, நீ நான் திரும்பி வாறதப் பத்திக் கேக்குறியா?" தமிழில்தான் கத்தினேன். பாவம், அவள் விழித்தாள்.

சரவணன் போனைக் கையில் எடுத்துவிட்டான். "மா, இப்பவே போட்டுர்றேன். தேதிய மட்டும் சொல்லுங்க லா."

"நேர்ந்திருக்கேன்டா."

"கவுண்டர மூடிருவாங்க மா! அக்கா முக்கியமா, முடிச்சு முக்கியமா?"

என் பெட்டி மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடினேன். பக்தியோடு கும்பிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். சண்டைதான் போட்டேன். "தாயே, உனக்குக் குடுத்த வாக்க மீறப் போறேன். கோவம் வந்தா என்னைய அடி. எம் பிள்ளையத் தொடாத. அவ என்ன பாவம் பண்ணா?"

எழுந்து ஒரு தேதியைச் சொன்னேன். சொன்ன வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதேன்.

போனில் டிக்கெட் வந்தபாடில்லை. பக்கத்துக் கவுண்டர்கள் மூடிவிட்டன. அந்தப் பெண் மட்டும் மூடவில்லை. மேலதிகாரியிடம் போய் ஏதோ கெஞ்சிவிட்டு வந்தாள். ஒருவழியாக டிக்கெட் வந்ததும் பெட்டியைத் தானே தூக்கி வைத்தாள். உங்கள் மகளுக்காக நானும் வேண்டிக்கொள்கிறேன் ஆண்டி என்று மலாயில் சொன்னாள். அன்றைக்கு நம் அம்மன் துடோங் போட்டுக்கொண்டு நின்றாள் என்றுதான் சொல்வேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் சோறு இறங்கவில்லை. வாக்குத் தவறிய எனக்கு என்ன செய்தி காத்திருக்கிறதோ என்று வழியெல்லாம் நடுங்கினேன்.

என்ன ஆயிற்று என்று கேட்கவே பயந்த என்னை மருமகன் ஆஸ்பத்திரிக்குள் அழைத்துப் போனார். ஒரு கண்ணாடிப் பெட்டி தெரிந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கப் பயம். பக்கத்தில் சக்கர நாற்காலியில் என் கோமதி. உயிரோடு! அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாருங்க மா. மூச்சு விடுறா."

பார்த்தேன். உள்ளங்கை அளவு நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நான் வானத்தில் இருந்த நேரத்தில் அறுவை சிகிச்சை செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டேன்.

பல்லி கத்தினால் பயணத்தையே தள்ளிப்போட்டவள் நான். இப்போது அந்தப் பயமெல்லாம் போய்விட்டது. வெளிநாடு போகிறவர்கள் டிக்கெட் விஷயத்தை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், என்னைப் போல் அலறாதீர்கள். வாக்கு மீறியதற்கு அடிப்பாள் என்று நின்ற என்னை அம்மன் அள்ளி எடுத்துக்கொண்டாள். உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். அவள் முன்னால் போய் நின்று சண்டையே போடுங்கள். பெற்றவளிடம் போடாத சண்டையை வேறு யாரிடம் போடப் போகிறோம்?