இரண்டாவது கோடு

என் கொழுந்தன் மனைவிக்குக் கல்யாணமான மறு வருஷமே ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்கு வெகுகாலம் முன்பே அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். எனக்கு ஒன்றும் தங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு நான் திரும்பும்போது, மாமியார் அவளுக்குப் பால் ஊறட்டும் என்று பூண்டு வதக்கிக்கொண்டிருப்பார். அந்தப் பூண்டின்மேல்கூட எனக்குப் பொறாமை இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த நாத்தனார் என்னை மாடிக்குக் கூப்பிட்டு ஒரு சின்னப் பெட்டியைத் தந்தாள். உள்ளே காகிதப் பட்டைகள்.

"மதினி, இதை ஒண்ணுக்குல முக்கிப் பாக்கணும். ரெண்டாவது கோடு முதல் கோடு மாதிரி அழுத்தமா விழுந்தா, கருமுட்டை வெளிய வரப்போகுதுன்னு அர்த்தம். அந்தச் சமயம் அண்ணன் வீட்ல இருக்கணும். அவ்வளவுதான்."

அதுதான் சிக்கல். என் கணவருக்குச் சாத்தான்குளத்தில் வங்கி வேலை. சனிக்கிழமைதான் வருவார். விஷயத்தைச் சொன்னபோது, "கோடு விழுந்துட்டுன்னு மேனேஜர்ட்ட எப்படி லீவு கேக்கது?" என்றார். சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை.

தினமும் காலையில் எழுந்ததும் பார்த்தேன். கர்ப்பச் சோதனைக்குக் காலைச் சிறுநீர்தான் என்று கேள்விப்பட்டிருந்ததால் இதற்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது கோடு வெளுத்தே கிடந்தது. அடுத்த மாதமும் அப்படியே.

குளியலறையைக் கழுவும்போது கொழுந்தன் மனைவி ஒரு பட்டையைக் கண்டுவிட்டாள். கேட்டாள், சொன்னேன்.

"எனக்கும் கொஞ்சம் தருவியளா அக்கா? இவன் இப்பதான் நடக்கான். அதுக்குள்ள அடுத்தது வந்துரக் கூடாதுன்னு பயமா கெடக்கு. எந்த நாளுன்னு தெரிஞ்சா ஒதுங்கி இருந்துக்கிடலாம்லா."

நான் எதை வேண்டிக் காத்திருந்தேனோ, அது வராமல் தடுக்க அவளுக்கு அதே பட்டை வேண்டியிருந்தது. இல்லை என்று சொன்னால் என் வயிற்றெரிச்சல் தெரிந்துவிடும். கொடுத்தேன்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என்னிடம் அவள் ஒரு பட்டையை நீட்டினாள். இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடச் சிவந்திருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்தேன். கோட்டில்கூட இவளுக்குத்தான் முதலிடமா?

"எப்ப பாத்தே?"

"மத்தியானம். பிள்ளையத் தூங்கப் போட்டுட்டு. காலைல எனக்கு எங்க நேரம்?"

அன்றைக்குத்தான் பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பொறுமையாகப் படித்தேன். காலையில் முதல் சிறுநீரில் பார்க்க வேண்டாம் என்றே அதில் இருந்தது.

அடுத்த மாதம் சாயங்காலங்களில் பார்த்தேன். ஒருநாள் கோடு அழுத்தமாக விழுந்தது. தெருமுனை டெலிபோன் கடைக்குப் போய்ச் சாத்தான்குளத்துக்குப் பேசினேன். கடைக்காரர் காதில் விழும் என்பதால், "வந்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் கடைசி பஸ்ஸில் வந்துசேர்ந்தார். அந்த மாதமும் எனக்கு ஒன்றும் நிற்கவில்லை.

வாந்தி எடுத்தது அவள்தான்.

"கோடு விழுந்த பெறகு ஒதுங்கித்தான் இருந்தோம் அக்கா. அதுக்கு முந்துன நாளும் ஆகாதுன்னு எனக்கு எங்க தெரியும்?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். கை தடவியதே தவிர, மனசு அவளை வைதுகொண்டிருந்தது. வேண்டாம் என்று அழுகிறவளுக்கு இரண்டாவது. வேண்டும் என்று அழக்கூட எனக்கு அந்த வீட்டில் இடமில்லை.

சாயங்காலம் பார்ப்பதை நான் விடவில்லை. அவள் வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில் எனக்கும் நாள் தள்ளிப்போனது. பட்டையால்தானா, தானாகவே நேர்ந்ததா, எனக்குத் தெரியாது.

என் மகள் பிறந்தபோது அவளுடைய இரண்டாவது பையன் குப்புற விழப் பழகிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்கு வந்தவள், என் பிள்ளையை வாங்கி மடியில் வைத்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள்.

"ரெண்டாவதாவது பொம்பளப்பிள்ளையா இருக்கும்னு நெனச்சேன். உங்களுக்குல்லா வாய்ச்சிருக்கு," என்றாள்.

அவள் குரலில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். அது எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளைக்குப் பசிக்கும் என்று சொல்லி, கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.