மூன்றாம் நம்பர் மலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு ஞாபகசக்தி அபாரம். எந்தக் கல்யாணத்தில் யார் இலைக்கு அப்பளம் வரவில்லை என்பதைப் பதினைந்து வருடம் கழித்தும் சொல்வார்கள். என் அண்ணன் எட்டாம் வகுப்பு வரை முதலாவதாக வந்ததுதான் ஒருவருக்கும் நினைவில்லை. மனநோய் என்று கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் கிடந்தானே, அது எல்லோர் நாக்கிலும் இருந்தது.

திரும்பி வந்தபோது அவன் காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன. ஆனால் சொன்னது எதுவும் மண்டையில் தங்கவில்லை. கவ்வாத்து வெட்டப் போட்டால், எந்தக் கிளையை விடுவது என்று தினமும் புதிதாகக் கேட்டான். "பொம்பளைங்களோட கொழுந்து எடுக்கப் போடா" என்று கங்காணி அனுப்பிவிட்டார். ஓர் ஆம்பளையை அவமானப்படுத்த அந்த மூளைக்கு எட்டியது அவ்வளவுதான். அண்ணனோ சிரித்துக்கொண்டே கூடையை மாட்டிக்கொண்டான்.

பதுளைக்கு மருந்தெடுக்க நான்தான் அவனைக் கூட்டிப்போவேன். அங்கிருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இது சோம்பல் இல்லை, தங்கச்சி. இந்த வருத்தம் ஞாபகத்தையும் பிடிக்கும். ஒண்டொண்டாச் சொல்லிக் குடுங்கோ. கூடப் பிறந்த ஆக்களிலயும் இந்த மறதி கொஞ்சம் இருக்கிறதைக் கண்டிருக்கிறன்."

எனக்குச் சுருக்கென்றது. வாய்ப்பாடு ஏறாமல் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கடையில் நாலு சாமான் வாங்கப் போனால் மூன்றோடு திரும்புவேன். அதைப் பிள்ளை பெற்ற அசதி என்று சொல்லி வைத்திருந்தேன். இவர் வந்துவிட்டார் கண்டுபிடிக்க என்று நாங்கள் இறங்கும் லுணுகலை வரைக்கும் பஸ்ஸில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

விடியற்காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையில் நிற்க, அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று கங்காணி நம்பரைக் கத்துவார். ஒருமுறைதான். இரண்டாம் முறை சொன்னால் மீசை உதிர்ந்துவிடும் அவருக்கு. அண்ணன் ஏற்கெனவே இரண்டு தடவை வேறு மலையில் போய் நின்றுவிட்டான். "இன்னொருக்கா மலை மாறி நின்னான்னா செக்ரோல்ல பேர வெட்டிருவேன்" என்று கங்காணி எல்லோர் முன்னாலும் சொன்னார். வேலை போனால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவேன் என்று அப்பா வீட்டில் சொன்னார். பெற்ற பாசம்! அதிலிருந்து அண்ணன் என்னோடுதான் மலைக்குப் போனான். பெரட்டு முடிந்து நான் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வரும்வரை வாசலில் நிற்பான்.

அன்றைக்குக் குழந்தை என்னை விடாமல் அழுதது. பிடுங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

"மூணாம் நம்பரு, தங்கச்சி" என்றான் அண்ணன். மறந்துவிடக் கூடாதென்று அதுவரை அதையே சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறான்.

"ஒனக்கு எப்பண்ணே நெனப்பு இருந்திருக்கு? ஏழாம் நம்பரு. பேசாம வா."

பேசாமல் வந்தான்.

ஏழாம் நம்பர் மலையில் பனிதான் இருந்தது, ஒரு ஆள் இல்லை. திரும்பி ஓடி மூன்றாம் நம்பருக்கு ஏறினோம். அதற்குள் பெண்கள் பாதி மலையை எடுத்து முடித்திருந்தார்கள்.

கங்காணி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பச்சப்புள்ளக்காரிய எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கு பாரு, பைத்தியம்" என்று தீர்ப்பையும் அவரே சொல்லி முடித்தார். பெண்கள் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை நான் ஏசாத நாளில்லை. அன்றைக்கு நானே மறைத்தேன். வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு ஏச்சு விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

சொன்னபடியே கங்காணி அவன் பேரை வெட்டினார். அடுத்த வாரமே அப்பா அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். லுணுகலையில் பஸ் நின்றது. அண்ணன் ஏறப் போனவன் இறங்கி என்னிடம் வந்தான்.

"நாந்தானே ஒன்னைய ஏழாம் நம்பருக்குக் கூட்டிட்டுப் போனேன்? எல்லாரும் சொல்றாங்க. எனக்குத்தான் நெனப்பில்ல. மன்னிச்சுக்க, தங்கச்சி."

"சரி விடுண்ணே" என்று நான் அவனை மன்னித்தேன்.