களஞ்ஞு கிட்டிய புத்தகம்

மகளுக்குக் கல்யாணம் ஆகி காக்கநாட்டு ஃபிளாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி, அவ ரூமை ஒழிச்சுக் கொடுத்துட்டுத்தான் போனா. ஒழிச்சதுல ஒரு அட்டைப்பெட்டி நிறையத் தமிழ்க் குழந்தைப் புத்தகம். முயல், ஆமை, கண்ணாடி போட்ட யானை. கோயமுத்தூர் பக்கம் எப்பப் போனாலும் நான் வாங்கித் தூக்கிட்டு வந்தது.

"இதை என்னம்மா பண்றது?"

"களஞ்ஞேக்கு அப்பா."

வீட்டுல தமிழ் பேசுறவதான். அவசரம்னா மலையாளம் வந்துடும். தூக்கிப் போட்டுடுங்கங்கறா.

"நீ படிச்ச புக்குடி இதெல்லாம்."

"நான் எங்க படிச்சேன்? நீங்க படிச்சீங்க. நான் படம் பாத்தேன்."

பொய் சொன்னா சண்டை போடலாம். அவ மலையாளத்துல கட்டுரைப் போட்டியில எல்லாம் ஜெயிச்சவ. தமிழ்ல அவளுக்குத் தன் பேரு எழுதத் தெரியும், அதுலயும் ஒரு புள்ளி விட்டுப்போகும்.

எனக்கு வந்த ரோஷத்துல பழைய பேப்பர்காரனுக்குப் போட மனசு வரல. எங்கயோ ஊர்ல புத்தகத்தைப் பொது இடத்துல வெச்சுட்டுப் போறாங்களாம், முன்னப்பின்ன தெரியாதவங்க எடுத்துப் படிக்கறாங்களாம்னு ஃபோன்ல பாத்திருந்தேன். கட்டட வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் வந்த நம்மாளுங்க பிள்ளைங்க இங்க எத்தனை இருக்கு. ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, இதுல ஒண்ணை எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டாப் போதும், வாங்கினது வீண் இல்லைன்னு ஆயிடும்.

ஒவ்வொரு புத்தகத்துலயும் முதல் பக்கத்துல எழுதினேன்: 'இதை எடுத்துக்கலாம். படிச்சுட்டு இன்னொருத்தர் கண்ணுல படுற மாதிரி வெச்சிடுங்க.' தமிழ்லதான் எழுதினேன். தமிழ்ப் புத்தகம்தானே, வேற எதுல எழுதறது? என் மூளை எப்படின்னு நான் வேலை பாக்குற மிளகுக் கிடங்குல கேட்டாச் சொல்லுவாங்க.

முதல் புத்தகத்தை மட்டாஞ்சேரி படகு ஜெட்டி பெஞ்சுல வெச்சேன். நான் வீடு வந்து சட்டையக் கழட்டல, ஆட்டோக்காரன் வாசல்ல நிக்கறான்.

"அண்ணாச்சீ, இது ஜெட்டியில களஞ்ஞு கிட்டியதா." தொலைஞ்சு கெடந்தது கிடைச்சுதாம்.

அடுத்ததை ஆஸ்பத்திரி வராண்டாவுல வெச்சேன். கிடங்குல மூட்டை இறக்குறவர் தங்கச்சி அங்க நர்ஸ். மறுநாள் என் மேஜை மேல இருந்துச்சு. முடிவெட்டற கடையில வெச்சது, அந்த வாரம் நான் முடிவெட்டப் போனப்போ பவுடர் எல்லாம் தட்டித் துடைச்சுக் கைக்கு வந்துச்சு. எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்தாச்சு. ஆனா இந்த வட்டாரத்துல தமிழ் எழுத்துல ஒரு துண்டுக் காகிதம் பறந்தாலும் அது அண்ணாச்சியோடதுதான். தூரத்துல விட்டுட்டு வந்த பூனை மாதிரி எல்லாம் நமக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடுது. கொண்டு வர்றவங்களுக்கு நான் சாயா வாங்கிக் கொடுத்து நன்றி வேற சொல்லணும்.

"அண்ணாச்சிக்கு மறதி கூடுதலா. டாக்டரைக் காணிக்கணும்"னு ஆட்டோக்காரன் என் வீட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டான். அவ அன்னியிலருந்து நான் வெளிய கிளம்பினா சாவி, ஃபோன், கண்ணாடின்னு ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்து அனுப்பறா.

களஞ்ஞுன்னா மலையாளத்துல தொலைச்சதும் அதுதான், தூக்கிப் போட்டதும் அதுதான். 'அண்ணாச்சி களஞ்ஞதாணோ?'ன்னு ஒவ்வொருத்தனும் கேக்கறப்போ, ரெண்டுல எதுன்னு எனக்கே சொல்லத் தெரியல. ஆமான்னு வாங்கிக்குவேன்.

கடைசில, என்னைத் தெரியாத இடமாப் பாத்து, தோப்பும்படி தாண்டி ஒரு பஸ் ஸ்டாப்புல முயல் புத்தகத்தை வெச்சுட்டு, எதிர்த்த சாயாக்கடையில உக்காந்தேன். துப்பறியறவன் மாதிரி பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு.

ஒரு கொத்தனார் வந்தாரு, சட்டையெல்லாம் சிமெண்ட். கூட ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு. அது புத்தகத்தை எடுத்துச்சு, மடியில வெச்சுச்சு. சாயா கிளாஸை அப்படியே வெச்சுட்டு ரோட்டைத் தாண்டிப் பின்பக்கமாப் போனேன்.

விரலை வெச்சு, "மு... ய... முயல்"னுச்சு அந்தப் பிள்ளை. "அப்பா, தமிழு. முயலு குடை..."

"கீழ வைடி. யாருதோ என்னமோ. நம்ம கையில பாத்தா பாண்டிக்காரன் எடுத்துட்டாம்பாங்க."

நான் வாயைத் தொறந்தேன். அது என்னோட புக்குதான், பாப்பா எடுத்துக்கட்டும்னு சொல்லணும். சந்தோஷத்துல "அது என்னோட புக்கு"ங்கற வரைக்கும்தான் வந்துச்சு.

அவர் எழுந்தே நின்னுட்டாரு. "நாங்க எடுக்கல சார். இங்கதான் கெடந்துச்சு. பாப்பா சும்மா படம் பாத்துச்சு." தோள்ல கெடந்த துண்டால அட்டையத் துடைச்சு நீட்டினாரு.

"இல்லண்ணே, பாப்பாவுக்குத்தான். எடுத்துக்கலாம்னு எழுதியே இருக்கு, பாருங்க."

"எனக்கு எழுத்து வராது சார். வேணாம், விட்ருங்க." முதல் பக்கத்தைத் திருப்பவே விடல. பஸ் வந்துச்சு. அது அவங்க போற பஸ்தானான்னு எனக்கு இன்னும் சந்தேகம். போர்டைக்கூடப் பாக்காம ஏறினாரு. அந்தப் பிள்ளை ஜன்னல்ல என்னைப் பாக்கல, புத்தகத்தைப் பாத்துக்கிட்டே போச்சு.

ரோட்டைத் தாண்டி வந்து உக்காந்தேன். சாயாக்கடைக்காரன் எல்லாத்தையும் பாத்திருக்கான், பேசினது மட்டும் அவனுக்குக் கேக்கல.

"கிட்டியல்லோ, பாக்யம்"னான். "சூக்ஷிக்கணம் சேட்டா. பாண்டிகளாணு. கண்ணு தெத்தியா கொண்டு போகும்."

புத்தகம் திரும்பக் கிடைச்சது பாக்கியமாம், கவனமா இருக்கணுமாம். பாண்டிங்கன்னா தமிழாளுங்க, கண்ணு அசந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். என்கிட்டச் சொல்றான்.

அவங்க ஆளுன்னு நினைச்சு சேட்டன்னு கூப்பிட்டான். எங்க தாத்தாவையும் யாரும் கூப்பிட்டதில்ல, எங்கப்பாவையும் கூப்பிட்டதில்ல. அண்ணாச்சிதான். எனக்குத்தான் அந்த யோகம், கையில முயல் புத்தகத்தோட.

"கிட்டி"ன்னேன், சுத்தமான மலையாளத்துல. சாயா ஆறிப் போயிருந்துச்சு. குடிச்சேன்.