ஹனோராவின் உறைந்த பாவாடை

கோரிகன் துறையில் ஹனோரா கல்ஹேனைப் போல இன்னொருத்தி இருந்தாளா என்றால், இல்லை என்பேன். அழகி என்று சொல்ல முடியாது. மூக்கு கொஞ்சம் நீளம், கை இரண்டும் உலக்கை. மர ஆலைக்காரர்கள் தங்கும் விடுதிக்குத் துணி வெளுப்பது அவள் தொழில். அப்பா விட்டுப்போன ஆற்றோரச் சின்ன வீடு, ஒரு பெரிய செப்புக் கொப்பரை, வெயில் நன்றாக விழும் கொடி, இவ்வளவுதான் அவள் சொத்து. ஆனால் அவள் சிரித்தால் ஆற்றுக்கு அக்கரையில் நாய் குரைக்கும்.

உறைந்த ஆற்றின் மேல் நாங்கள் ஆடிய ஹாக்கியில் அவள் கோல் காத்தாள். அவளுக்கு நேர் முன்னால் நின்று ஆடியவள் நான். அதனால் நான் சொல்வதுதான் நடந்தது. அக்கரை பெல்ரீவ்காரர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கம் ஹாக்கி வந்ததே ஒரு வேடிக்கை. அதற்கு முன்பும் ஆறு உறைந்து கல்லானதும் வளைந்த கிளையை வெட்டிக்கொண்டு எதையாவது அடித்துக்கொண்டுதான் இருந்தோம். உறைந்த குதிரைச் சாணம், செருப்புக் குதிகால், ஒரு தடவை யார் வீட்டு உருளைக்கிழங்கோ. வந்தவர்கள் எல்லாம் ஆடுவார்கள், எவர் எந்தக் கட்சி என்று கடைசிவரை தெரியாது. பிறகு ரயில் நிலையத்துக்குத் தந்தியடிக்க மாண்ட்ரியாலிலிருந்து ஒருவர் வந்தார். பக்கத்துக்கு ஏழு பேர், இரண்டு கம்பம், பந்துக்குப் பதில் மரத்துண்டில் அறுத்த வட்டு, ஒரு விசில் என்று ஒழுங்கு சொல்லிக்கொடுத்தார். கோல் காப்பவர் நின்றபடிதான் காக்க வேண்டும், உட்காரவோ படுக்கவோ கூடாது என்றார். ஆண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. என்ன செய்வது, ஆறு உறையும் நேரம்தான் அவர்கள் கோடாலியோடு காட்டுக்குப் போகும் நேரம். மரம் வெட்டிக் கட்டைகளை ஆற்றில் ஓட்டிக்கொண்டு அவர்கள் திரும்பும்போது பனியே இருக்காது. ஆக, பனி இருக்கும்போது ஊரில் இருந்தவர்கள் நாங்கள். ஆட்டம் எங்களுடையதாயிற்று. தந்திக்காரருக்கு மாற்றலானபோது விசில் கொல்லர் க்வில்டியிடம் வந்தது. அவ்வளவுதான் வரலாறு.

பாதிரியார் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். கணுக்கால் தெரிந்தால் ஆட்டம் கிடையாது. சரி என்று பாவாடையைத் தரை வரை இறக்கினோம். அது என்ன ஆயுதம் என்று அவருக்குத் தெரியாது.

ஹனோராவுக்குத் தெரியும். குளிர்காலத்தில் ஈர விரிப்பைக் கொடியில் போட்டால் கதவுப் பலகை மாதிரி விறைத்துப்போகும். தினமும் அதைச் சுமப்பவள் அவள். ஆட்டத்துக்கு முன் கம்பளிப் பாவாடையின் கீழ்ப்பகுதியைத் தண்ணீரில் முக்குவாள், அது விறைக்கும் வரை வெளியே நிற்பாள், பிறகு ஆட வருவாள். போதாததற்கு வாத்துச் சுடும் ஈயக் குண்டுகளை ஓரம் முழுக்க வைத்துத் தைத்தோம். நானும் தைத்தேன், விரலில் குத்திக்கொண்டேன். அந்தப் பாவாடையை மீறி ஒரு வட்டும் போகாது.

எட்வர்ட் ராஜா இறப்பதற்கு முந்தின குளிர்காலம் அவளுக்கும் அக்கரை டெலஸ்ஃபோர் லகாஸுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. அவன் நல்லவன். இலையுதிர்காலத்தில் கேட்டான், இவள் சரி என்றாள், மறுநாள் அவன் காட்டுக்குப் போய்விட்டான். எங்கே குடியிருப்பது என்று இருவருமே பேசவில்லை. அதைப் பேசியது புத்தாண்டு விருந்தில், அவன் இல்லாமல், அவன் அம்மா வீட்டு மேசையில். மதாம் லகாஸ் விதவை. அவர் தகரக் கொம்பை ஊதினால்தான் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்காரலாம். துணைக்கு நானும் போயிருந்தேன்.

பன்றிக்கறி வைத்துச் சுட்ட தூர்த்தியேர் அடையை வெட்டிக்கொண்டே மதாம் ஆரம்பித்தார். "கல்யாணத்துக்கு அப்புறம் மாடி அறை உங்களுக்கு, பொண்ணே."

"மாடி அறை வேணாம் மதாம். அவரு எங்க கரைக்கு வந்துடுவாரு."

"என் மகன் ஆத்தைத் தாண்டிப் போயி துணி வெளுக்கிறவ வீட்டுல இருப்பானா?"

"துணி வெளுக்கிறவ வீட்டுல துணியாவது சுத்தமா இருக்கும்."

எக்சில்டாவுக்குச் சிரிப்பில் பட்டாணி சூப் மூக்கு வழியாக வந்தது. எக்சில்டா டெலஸ்ஃபோரின் தங்கை. பெல்ரீவ் அணியில் நடுவில் ஆடுபவள், காற்று மாதிரி போவாள்.

"ஏம்மா சண்டை போடறீங்க?" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அடுத்த மாசம் எங்களுக்கும் அவங்களுக்கும் ஆட்டம் இருக்கு. நாங்க ஜெயிச்சா இவ இங்க வரட்டும். இல்லைன்னா அண்ணன் அங்க போகட்டும்."

நான் மேசைக்கு அடியில் ஹனோராவை உதைத்தேன். அவள் திருப்பி உதைத்தாள்.

"சரி," என்றாள்.

"சரி," என்றார் மதாம். "சமமா முடிஞ்சாக்கூட நீ ஜெயிச்சதா வச்சுக்கோ. எம் பொண்ணு மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

திரும்பும் வழியில் ஆற்றுப் பனி மேல் நடந்துகொண்டே கேட்டேன். "ஏண்டி, தோத்தா?"

"தோத்தா கொப்பரையை வித்துட்டு, வாழ்நாள் பூரா கொம்பு ஊதினா சாப்பிடணும்." பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டினாள். "கொம்பை அவங்க எங்க வச்சிருக்காங்கன்னு பாத்தியா? தலையணைக்குப் பக்கத்துல."

பிப்ரவரி கடைசி ஞாயிறு, பூசை முடிந்து, ஆற்றுக்கு நட்ட நடுவில் ஆட்டம். எந்தக் கரைக்கும் சொந்தமில்லாத இடம். நடுவர் எங்கள் க்வில்டி, கோலுக்குப் பின்னால் நின்று, கோல் விழுந்தால் கைக்குட்டை தூக்குபவர் அவர்கள் ஊர் மாவு மில்காரர். கம்பத்துக்குக் கம்பம் பீட்ரூட் தண்ணீரால் சிவப்புக் கோடு. சுற்றிலும் பனிவண்டிகள், குதிரைகளின் மூச்சு, மதாம் கையில் கொம்பு.

முதல் பாதியில் என்னை எக்சில்டா மூன்று தடவை தள்ளிவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் ஒன்று அடித்தார்கள், நாங்கள் இரண்டு. ஹனோரா பாவாடையைக் கதவு மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு நின்றாள். வட்டு அதில் பட்டால் டம் என்று சத்தம் வரும். சத்தம் வரும்போதெல்லாம் எங்கள் கரைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பாதியில் இளைப்பாறும்போது, கீறல் விழுந்த தரையை வழவழப்பாக்க ஆற்றில் துளை போட்டுத் தண்ணீர் மொண்டு பீப்பாய் பீப்பாயாக ஊற்றுவது வழக்கம். ஆடுபவர்கள் நெருப்போரம் போய் டீ குடிப்பார்கள். ஹனோரா வரவில்லை.

"வாடி, டீ ஆறிடும்."

"நான் போனா கம்பத்தைப் பிடுங்கி அகலமா நட்டுடுவாங்க."

போன வருஷம் யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆக அவள் நகரவே இல்லை. தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் விலகச் சொல்லிப் பார்த்தார்கள், கடைசியில் அவளைச் சுற்றியே ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்து வடக்குக் காற்று கிளம்பியது. நான் இரண்டாவது கோப்பை குடித்து முடிப்பதற்குள் தரை கண்ணாடி ஆகிவிட்டது.

விசில் ஒலித்தது. என் இடத்துக்கு வந்து நின்றேன். பின்னால் மெல்லிய குரல்.

"வின்னி. கிட்ட வா. சிரிக்கக் கூடாது."

"என்ன?"

"நகர முடியல."

"பயமா?"

"பாவாடைடி."

குனிந்து பார்த்தேன். ஓரம் முழுக்க, குண்டுகளோடு சேர்ந்து, ஆற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தேவாலய மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி அவள் நடுவில் நின்றாள். நான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

"கோடாலி கொண்டாறவா?"

"கொண்டாந்தா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். வேணும்னே நிக்கிற மாதிரி நிக்கிறேன். நீ ரெண்டு பக்கத்தையும் பாத்துக்கோ."

ஒருத்தி எப்படி இரண்டு பக்கத்தையும் பார்ப்பது? நான் இடது பக்கம் ஓடியபோது எக்சில்டா வலது பக்கம் அடித்தாள். ஹனோரா மட்டையை நீட்டினாள், எட்டவில்லை. இரண்டுக்கு இரண்டு.

"என்னடி, வேர் விட்டுட்டியா?" என்றாள் எக்சில்டா சுற்றி வந்துகொண்டே.

"உன்னை மாதிரி அலையறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்து?"

ஆனால் எக்சில்டா கெட்டிக்காரி. இவள் இடுப்புக்கு மேல்தான் அசைகிறாள் என்று கண்டுகொண்டாள். க்வில்டி கடிகாரத்தை எடுத்துப் பார்க்க ஆரம்பித்த நேரம், நேராகப் பாய்ந்து வந்தாள். நான் குறுக்கே விழுந்தேன், என் மேல் அவள் விழுந்தாள், அவள் மட்டை பாவாடை ஓரத்தில் மோதியது. விறைத்த கம்பளி பிஸ்கட் மாதிரி உடைந்து ஓர் எலி வளை திறந்தது. வட்டு அதற்குள் போய்விட்டது.

உள்ளே போனது எல்லாருக்கும் தெரியும். வெளியே வரவில்லை. சிவப்புக் கோடும் பாவாடைக்கு அடியில்தான் இருந்தது. வட்டு கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மில்காரர் கைக்குட்டையைப் பாதி தூக்கி, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.

"காலை அசைக்காதே," என்று நூறு பேர் சொன்னார்கள்.

"அசைச்சா நகர்ந்துடும்," என்று இன்னும் நூறு பேர்.

"யாராவது பாருங்க," என்றார் மில்காரர்.

எல்லாரும் க்வில்டியைப் பார்த்தார்கள். அவர் கல்யாணம் ஆகாதவர். முகம் உலை மாதிரி சிவந்தது.

"நான் குதிரைக்கு லாடம் அடிக்கிறவன். இது நம்ம வேலை இல்ல."

எங்கள் பெண் யார் பார்த்தாலும் பொய் சொல்வாள் என்றது பெல்ரீவ். அவர்கள் பெண் பார்த்தால் மட்டும் என்ன என்றோம் நாங்கள். பாதிரியாரைத் தேடினால் அவர் பனிவண்டியை ஓட்டிக்கொண்டு கரையை நெருங்கியிருந்தார்.

அப்போது மதாம் லகாஸ் வண்டியிலிருந்து இறங்கினார். கொம்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வழுக்கும் தரையில் தட்டுத் தடுமாறாமல் நடந்து வந்தார்.

"அவ எந்தக் கரையில இருந்தாலும் என் மருமக. நான் பாக்கறேன்."

"அதெப்படி?" என்று எங்கள் பக்கம் கூச்சல். "பந்தயமே உங்களுதுதானே?"

ஹனோரா கை தூக்கினாள். "அவங்களே பாக்கட்டும். பொய் சொன்னா, நாளைக்கு அவங்க அடுப்படியில அந்தப் பொய்யோட நான் நாப்பது வருஷம் நிப்பேன். கஷ்டம் எனக்கா அவங்களுக்கா?"

கூச்சல் அடங்கிவிட்டது. மதாம் மண்டியிட்டு, உடைந்த இடத்தில் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எக்சில்டா இன்னும் என் மேல்தான் கிடந்தாள், அதனால் உள்ளே நடந்த பேச்சு முழுவதும் எங்களுக்குக் கேட்டது.

"இந்தக் கம்பளி எங்க வாங்கினே?"

"விடுதிப் போர்வை மதாம். பழசு."

"தையல் மோசமில்ல. இது என்ன, ஈயக் குண்டா?"

"ஆமா."

"நீயா யோசிச்சே?"

"ஆமா மதாம்."

"ஹ்ம்." குண்டை நகத்தால் தட்டும் சத்தம். "உனக்கு முழங்கால் நடுங்குது."

"குளிரு."

"குளிருன்னே வச்சுக்குவோம்."

வெளியே வந்தபோது மதாமின் தொப்பி கோணியிருந்தது, கையில் வட்டு. "கோட்டுக்கு முன்னாடி கிடந்துச்சு. ஒரு கை அகலம் தள்ளி. கோல் இல்ல."

"அம்மா," என்றாள் எக்சில்டா என் மேலிருந்து.

"நீ அடிச்சது நல்ல அடி இல்ல. எழுந்திரு."

க்வில்டி விசில் ஊதிவிட்டார். இரண்டுக்கு இரண்டு. சமம் என்றால் ஜெயம் ஹனோராவுக்கு. எங்கள் கரை குதித்து ஆடிய ஆட்டத்தில் பனி உடையாதது ஆச்சரியம். ஹனோரா மட்டும் ஆட முடியாமல் நின்ற இடத்திலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். கெட்டில் கெட்டிலாக வெந்நீர் ஊற்றி அவளைப் பெயர்த்தோம். மதாம் பொய் சொன்னார் என்று பெல்ரீவில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பாவாடையைத் தூக்கியதும் வட்டு பதிந்திருந்த ஈரத் தடத்தை நான் பார்த்தேன். அது கோட்டுக்கு முன்னால்தான் இருந்தது. போதுமா?

பனி உடைவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஹனோரா கொடியில் விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். ஆற்றுப் பாதையில் ஒரு பனிவண்டி வந்தது. அதில் ஓர் இரும்பு அடுப்பு, இறகு மெத்தை, கூண்டில் கோழிகள், பின்னால் கட்டிய ஒரு மாடு. எல்லாவற்றுக்கும் மேலே மதாம் லகாஸ்.

"என்ன மதாம் இது?"

"பந்தயம் நீ எங்க இருக்கணும்கறது. நான் எங்க இருக்கணும்னு யாராவது பேசினோமா?"

"வீடு சின்னது."

"பாத்திருக்கேன். அடுப்பை ஜன்னல்கிட்ட வைக்கலாம்." வண்டியை விட்டு இறங்கினார். "அந்த வீட்டை எக்சில்டாவுக்குக் கொடுத்துட்டேன். அவளும் யாரையாவது கட்டிக்கணும் இல்ல? நின்னு பாக்காதே, மாட்டைப் பிடி."

ஹனோரா மாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அக்கரை நாய் குரைக்கும்படி அவளுடைய அந்தச் சிரிப்பு. மாட்டையும் பிடித்தாள். ஆனால் அடுப்பு ஜன்னல்கிட்டப் போகவில்லை. அந்தச் சண்டை கோடை வரை ஓடியது.

மே மாதம் கட்டைகளோடு டெலஸ்ஃபோர் வந்தான், தாடியும் பிசின் வாசனையுமாக. அம்மா வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்தது எக்சில்டா மட்டும். படகு பிடித்து இக்கரை வந்தான். வாசலில் அவன் அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஹனோரா. நடந்ததை இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே சொன்னார்கள்.

"என்னைப் பந்தயத்துலயா வச்சீங்க?"

"வைக்க வேற என்ன இருந்துச்சு?" என்றார் மதாம்.

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "சரி, நான் எங்க படுக்கறது?"

இருந்தது ஒரே அறை, ஒரே மெத்தை. அதில் இரு பெண்களும் ஒருவர் போர்வையை ஒருவர் இழுத்துக்கொண்டு படுத்துவந்தார்கள். இரண்டு பேரும் அன்றுதான் முதல் தடவை ஒரே வார்த்தை சொன்னார்கள்.

"பட்டறையில."

கல்யாணம் வரை அவன் க்வில்டியின் பட்டறையில் குதிரைகளோடு படுத்தான். மாப்பிள்ளைக் கோட்டில் குதிரை வாசனை போகவே இல்லை. ஹனோரா அதை இரண்டு தடவை கொப்பரையில் போட்டுப் பார்த்தாள்.